கோத்தகிரித் தேநீருக்கு ஒரு போஸ்டர்: மூன்றாவது முறை சரியாக வந்தது

அக்கா கடை வாசலில் தொங்கிய பழைய ஃப்ளெக்ஸில் பதினோரு படங்கள் இருந்தன. ஒருநாள் எதிரில் நின்று எண்ணினேன். கொழுந்து பறிக்கும் பெண், மலை ரயில், தொட்டபெட்டா சிகரம், நுரை ததும்பும் பால் டீ, வர்க்கி, சாக்லேட், தைலப் பாட்டில், ரோஜாப்பூ, இரண்டு தேயிலைப் பாக்கெட், மேல் மூலையில் பிள்ளையார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல். நடுவே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு நட்சத்திரம், அதற்குள் '100% சுத்தமானது'.

கடை கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலையில் இருக்கிறது. அக்கா என்கிறேனே தவிர, கூடப்பிறந்த உறவில்லை. குன்னூரில் நான் டிடிபி வேலை தொடங்கிய நாள் முதல் பில் புக், விசிட்டிங் கார்டு எல்லாம் என்னிடம்தான் அடிக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலையில் பெரும்பகுதி ஃபேக்டரிக்குப் போய்விடும். நல்ல கொழுந்தாகக் கொஞ்சம் எடுத்து வீட்டிலேயே வாடவைத்து, கையால் உருட்டி, உலர்த்தி ஆர்த்தோடாக்ஸ் டீ தயாரிக்கிறார்கள். குளிர்காலத்துக் கொழுந்தில் பூவும் பழமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். பால் சேர்க்காமல் குடித்தால்தான் அது தெரியும். நூறு கிராம் 450 ரூபாய்.

“தம்பி, நம்ம டீயை ஒருவாட்டி குடிச்சவங்க மறுபடி வந்துடுவாங்க. குடிக்க வைக்கிறதுதான் பாடா இருக்கு. போர்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தணும்னு தோணணும். ஒரு கௌரவமா இருக்கணும்” என்றார்.

'கௌரவம்' என்ற அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டேன். அக்டோபரில் தொடங்கிய வேலை ஜனவரிக் கடைசியில்தான் முடிந்தது. எங்கே தவறினேன், எது கைகொடுத்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மலையில் சின்ன அளவில் ஒரு பொருளைத் தயாரித்து விற்கிற யாருக்காவது உதவும்.

நெரிசலான ஃப்ளெக்ஸ் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 'இங்கே எல்லாம் கிடைக்கும், விலை கட்டுப்படியாகும், தயங்காமல் வாங்க' என்று அது உரக்கக் கூப்பிடுகிறது. மார்க்கெட்டில் அந்தக் குரல் வேண்டும். ஆனால் கையால் உருட்டிய டீயை அந்தக் குரலில் விற்க முடியாது. உள்ளே வந்தவர் விலையைக் கேட்டதும் திகைக்கிறார். போர்டு அவருக்கு ஏற்கெனவே வேறொரு விலையைச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அக்காவின் உண்மையான சிக்கல் இதுதான் என்று எனக்குப் பட்டது.

கௌரவம் என்றதும் என் கை தானாகக் கறுப்புக்கும் தங்கத்துக்கும் போனது. முதல் முயற்சி அப்படித்தான். கறுப்புப் பின்னணி, தங்கச் சரிகை மாதிரி ஓரம், நடுவில் எங்கிருந்தோ இறக்கிய ஒரு கண்ணாடிக் கோப்பை, அதில் புதினா இலை. ஊர்ப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி. தமிழ் கீழே பொடியாக. திரையில் பார்க்கப் பளபளவென்று இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லாதான் இருக்கு தம்பி. நகைக்கடை மாதிரி இருக்கு” என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. திரையில் தங்கமாகத் தெரிந்தது தாளில் கடுகு நிறத்தில் வந்தது. கண் நகரும்போது ஒளியும் நகர்வதால்தான் தங்கம் தங்கமாகத் தெரிகிறது. நான்கு வண்ண மையில் அது நடக்காது. ஃபாயில் ஒட்ட வேண்டும், அல்லது உலோகத் துகள் கலந்த மை வேண்டும். சரி, ஃபாயிலே ஒட்டினாலும் அந்தக் கோப்பையை எடுத்துவிட்டு அதே இடத்தில் வாசனைத் திரவியமோ கைக்கடிகாரமோ வைக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் போஸ்டரில் டீயைப் பற்றி ஒன்றுமே இல்லை. புதினாவும் அக்கா தோட்டத்தில் இல்லை.

அடுத்த ஒரு வாரம் பழைய விளம்பரங்களைப் பார்ப்பதிலேயே போனது. இத்தாலியக் கசப்புப் பானமான காம்பாரிக்கு லியோனெட்டோ காப்பியெல்லோ 1921ல் வரைந்த சுவரொட்டியில் இருண்ட பின்னணியில் ஒரே ஒரு கோமாளி. உடம்பைச் சுற்றிச் சுருள் சுருளாக ஆரஞ்சுத் தோல். வேறொன்றும் இல்லை. தெருவில் வேகமாகப் போகிறவர் கண்ணில் ஒரே ஒரு உருவம்தான் தங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1980களில் வந்த ஆப்சலூட் வோட்கா விளம்பரங்களில் நடுவே ஒரு பாட்டில், அதன் மேல் வெளிச்சம், கீழே இரண்டே சொல். பழைய மருந்துக் குப்பியின் வடிவில் செய்த அந்தப் பாட்டிலே பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என்னை நிறுத்தி வைத்தது நம் நாட்டுப் படம்தான். 1947ல் அன்னதா முன்ஷி தேநீருக்காக வரைந்த சுவரொட்டியில் ஒரு பெண் ராட்டையோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள். தேநீர் 100 சதவீதம் சுதேசி என்பது வாசகம். அந்த ஆண்டில் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது. ராட்டையும் கோப்பையும் சேர்ந்து அதைத் தாங்கின. அக்காவின் நட்சத்திரத்துக்குள் இருந்த '100%' எதையும் தாங்கவில்லை. எண் ஒன்றுதான், அதைத் தாங்கிப் பிடிக்கும் படம்தான் வேறு.

இரண்டாவது முயற்சியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வெள்ளைத் தாள், நடுவே ஒரு சின்னக் கோப்பை, கீழே மெலிந்த எழுத்தில் பெயர். மேசையில் விரித்துப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. நவம்பர் நடுவில் கடைச் சுவரில் ஒட்டினோம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அன்று மதியமே மேகம் இறங்கியது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தேன். போஸ்டர் இல்லை. அதாவது சுவரில் இருக்கிறது, ஆனால் வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் வெள்ளைத் தாள் கரைந்துபோய், கோப்பை மட்டும் ஒரு அழுக்குப் புள்ளி மாதிரி தெரிகிறது. நகரத்து மாலில் விளக்குக்குக் கீழே எடுப்பாக நிற்கிற வடிவம் இங்கே நிற்கவில்லை. பின்னணி இருட்டாக இருக்க வேண்டும் என்பதை அந்த மதியத்தின் மேகம்தான் தீர்மானித்தது.

ஆனால் எந்த இருட்டு? கறுப்பு சார்ட் வைத்துப் படம் எடுத்தால் தட்டையாக, ஓட்டை போட்ட மாதிரி இருக்கிறது. கறுப்பு பெயின்ட் அடித்த பலகை மினுங்குகிறது. அப்போதுதான் மரத்தைத் தேயிலையாலேயே கறுப்பாக்கும் பழைய முறை நினைவுக்கு வந்தது.

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக். மர டிப்போவில் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு பலகை வாங்கினேன். 120ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220ல் தேய்த்து முடித்தேன். ஒரு பாட்டிலில் வினிகர் ஊற்றி இரும்பு நாரைப் போட்டேன். முதலில் போட்டது பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார். மூன்று நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அது துருப்பிடிக்காத எஃகு, வினிகருக்கு அசையாது. பிறகு ஹார்டுவேர் கடையில் மெல்லிய இரும்பு நார் வாங்கிப் போட்டதும் குமிழி விட ஆரம்பித்தது. வாயு வெளியேறுவதால் மூடியை இறுக்கக் கூடாது. இந்தக் குளிரில் நார் கரைய ஐந்து நாள் பிடித்தது.

இன்னொரு பக்கம் டஸ்ட் டீ ஐம்பது கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கெட்டி டிகாஷனைப் பலகையில் இரண்டு முறை பூசிக் காயவைத்தேன். பலகை லேசாகப் பழுத்தது, அவ்வளவுதான். பிறகு வினிகரை வடிகட்டி ஒரு பிரஷ்ஷில் தொட்டு ஒரே இழுப்பு. இழுத்த இடம் ஈரமாகத்தான் தெரிந்தது. பத்து எண்ணுவதற்குள் சாம்பல் நிறம். அப்புறம் மரத்தின் ரேகைகள் முதலில் நீலம் பாய்ந்து, இடையில் இருந்த இடமும் மெதுவாக இருண்டு, ஒரு நிமிடத்தில் முழுப் பலகையும் கறுத்துவிட்டது. தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு இது. ஒரு காலத்தில் எழுதும் மையையும் இப்படி இரும்பும் துவர்ப்பும் சேர்த்துத்தான் செய்தார்கள். பக்கத்தில் நின்ற அக்கா, “டீயா இது?” என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் மையாக ஒட்டியது. எண்ணெயோ வார்னிஷோ பூசவில்லை, பூசினால் மினுங்கும். அப்படியே விட்டதில் ஒளியை விழுங்குகிற ஒரு கறுப்பு கிடைத்தது. சாய்வாக வெளிச்சம் விழுந்தால் மட்டும் ரேகை எழும்பும், ஓரங்களில் கொஞ்சம் பழுப்பு எட்டிப் பார்க்கும்.

ஜனவரி முதல் வாரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் படம் எடுத்தோம். ஒற்றை ஜன்னல். அதன் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டினேன். மேகமூட்டமான நாளில் அதுகூடத் தேவையில்லை, வானமே பெரிய பேப்பர் மாதிரி ஒளியைப் பரப்பிவிடும். அன்று வெயில் இருந்தது. டம்ளருக்கு இடப்பக்கம், சற்றே பின்னால் ஜன்னல் வருகிற மாதிரி மேசையை நகர்த்தினேன். உணவுப் படம் எடுக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் எந்தச் சாப்பாடும் ஆறிப்போனதாகத் தெரியும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் மொறுமொறுப்பைக் காட்டும், பின்னாலிருந்து வருவது பானத்துக்கு உயிர் கொடுக்கும்.

ஆனால் கறுப்புப் பலகை முன்னால் டீ வைத்ததும் டீயும் கறுத்துவிட்டது. தெளிந்த டிகாஷன் தனக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். இதற்கு வழி ஒன்று உண்டு. வெள்ளை அட்டையை டம்ளர் வடிவத்தில், டம்ளரைவிடச் சற்றுச் சின்னதாக வெட்டி, டம்ளருக்குப் பின்னால் ஒளித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். ஜன்னல் ஒளி அட்டையில் பட்டு டீ வழியாகத் திரும்பும். முதலில் தேயிலைப் பாக்கெட்டின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை வைத்தேன். டீக்குள் டார்ச் அடித்த மாதிரி திட்டுத் திட்டாக வந்தது. சாதாரண வெள்ளை அட்டைதான் சரி. அட்டை ஓரம் இம்மியளவு வெளியே தெரிந்தாலும் ஏமாற்றாகத் தெரியும், ஆகவே கத்தரியால் நான்கைந்து முறை திருத்தினேன். கடைசித் துண்டை நழுவவிட்டதும் டம்ளருக்குள் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. நானும் அக்காவும் கொஞ்ச நேரம் படம் எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

விளம்பரப் படங்களில் பல தந்திரங்கள் உண்டு. குளிர்பான பாட்டிலில் அரும்பி நிற்கும் துளிகள் பெரும்பாலும் கிளிசரின் கலந்த தண்ணீர். ஐஸ் கட்டி அக்ரிலிக். ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு. பெரிய விளக்குகளுக்குக் கீழே மணிக்கணக்கில் தாங்க வேண்டுமே என்று செய்கிறார்கள். நாங்கள் எதையும் மாற்றுவதில்லை என்று தீர்மானித்தோம். அக்கா வாடிக்கையாளருக்குப் போடுகிற அதே அளவு, அதே மூன்று நிமிடம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நிறம் கொஞ்சம் இளசாகத்தான் இறங்கும். அந்த இளசு நிறம்தான் வேண்டும். கடையில் ஒரு நிறம், படத்தில் ஒரு நிறம் என்று இருந்தால், குடிக்கிறவர் முதல் வாய்க்கே ஏமாந்ததாக உணர்வார்.

ஒளிக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது நேரம். நல்ல டிகாஷன் ஆறும்போது கலங்கும். சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் காஃபினும் துவர்ப்புச் சத்தும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து மங்கலாக்கும். டீ மோசம் என்று அர்த்தமில்லை. சாரம் உள்ள டீதான் அப்படிக் கலங்கும். ஆனாலும் படத்தில் பார்த்தால் அழுக்குத் தண்ணீர். அந்த அறைக் குளிரில் ஊற்றியதிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாறு நிமிடம். ஏழு டம்ளர் ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் அக்கா ஊற்ற, ஓரத்துக் குமிழிகளில் பெரியவற்றை டிஷ்யூ முனையால் எடுத்துவிட்டுச் சின்னதாக இரண்டு மூன்றை விட்டுவைத்தேன். இப்போதுதான் ஊற்றியது என்று அவை சொல்லும்.

ஆவிதான் இந்த மலை எங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கீழே சமவெளியில் ஆவி தெரிய எவ்வளவோ பாடுபட வேண்டும். குளிர்காற்றில் ஆவி உடனே பொடித்துளிகளாகி வெள்ளையாக எழும்பும். பின்னால் இருட்டு, பக்கவாட்டில் ஜன்னல். வேறென்ன வேண்டும்? 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 4, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் ஒரு நொடியில் 125ல் ஒரு பங்கு. 60ல் ஒரு பங்கு வைத்தபோது ஆவி பஞ்சு மாதிரி கரைந்துவிட்டது, 125ல் இழை இழையாக நின்றது. கேமராவை டம்ளர் விளிம்பைவிடச் சற்றே உயரத்தில் வைத்தேன். டீயின் மேற்பரப்பு மெல்லிய நீள்வட்டமாகத் தெரிய வேண்டும், அதே சமயம் டம்ளருக்குள் இருக்கும் வெளிச்சமும் தெரிய வேண்டும். மேலிருந்து எடுத்தால் இரண்டாவது போய்விடும்.

வர்க்கியையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன். ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அக்காவுக்கு அதில் பெருமை. ஒன்றைப் பிய்த்து வைத்ததும் பக்க வெளிச்சத்தில் அடுக்கடுக்காக அவ்வளவு அழகாக வந்தது. அதுதான் பிரச்சினை. கண் நேராக வர்க்கிக்குப் போனது, டீ அதற்குத் துணையாகிவிட்டது. மனசில்லாமல் எடுத்துவிட்டேன். வர்க்கிக்குத் தனியாக ஒரு கார்டு செய்து தருவதாக அக்காவிடம் சொன்னேன்.

கடைசியில் எஞ்சியது இவ்வளவுதான்: வலது கீழ்ப்பக்கம் ஒரு டம்ளர், அதிலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து எழும் ஆவி, மற்றதெல்லாம் இருட்டு. அக்கா அந்த இருட்டைக் காட்டி, “இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே தம்பி, இதுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கறோம்” என்றார். நியாயமான கேள்வி. கல்யாணப் பந்தியில் இலை போடுவதைச் சொன்னேன். இலை நிறையப் பச்சை தெரிய, மூலையில் கொஞ்சம் உப்பு, தள்ளிக் கொஞ்சம் இனிப்பு, அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிக் கொடுத்தாலும் பசி அடங்கும், ஆனால் மரியாதை அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. “அப்ப சரி” என்றார். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கப் போனபோது அவர்தான் வேண்டாம் என்றார்.

எழுத்து எனக்கு டீயைவிட அதிக நாள் எடுத்தது. உலகம் முழுக்க 'உயர்தரம்' என்று காட்ட ஆங்கிலத்தில் செய்வது ஒன்றுதான்: எல்லாம் பெரிய எழுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அகலமான இடைவெளி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. இடைவெளி விட்டாலோ, எழுத்தே உடைந்துவிடுகிறது. 'கோ' என்பது ஓர் எழுத்து. ஆனால் கண்ணுக்கு அது இரட்டைச்சுழிக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. 'கோத்தகிரி' என்று அடித்து இடைவெளியைக் கூட்டினால் என் மென்பொருளில் இரட்டைச்சுழி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் நின்றன. வாசிப்பவர் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. எழுத்துக்கூட்ட வைக்கிற பலகையில் கௌரவம் எப்படி வரும்? முதல் போஸ்டரில் நான் தமிழைக் கீழே பொடியாகத் தள்ளியதற்குக் காரணமே இந்தச் சிக்கலைச் சந்திக்காமல் விட்டதுதான். கோத்தகிரியில் கடை, எதிரில் வருகிறவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர். அவர்களுக்குத் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும்.

மெலிந்த எழுத்துரு வைத்தால் நாகரிகமாக இருக்கும் என்று கட்டமரான் எழுத்துருவின் மிக மெல்லிய வகையைப் போட்டுப் பார்த்தேன். திரையில் அருமை. கரடுமுரடான தாளில் அச்சானதும் புள்ளிகள் காணாமல் போயின. 'தேநீர்' என்பதில் கடைசி ரகரத்தின் புள்ளி போனால் மிஞ்சுவது காலா ரகரமா என்றே தெரியாது. ஒரு புள்ளிதான், ஆனால் சொல்லே போய்விடுகிறது. முக்தா மலர் நன்றாகப் படிக்க வந்தது, கொஞ்சம் அலுவலகத் தோரணை. இறுதியில் நோட்டோ செரிஃப் தமிழின் நடுத்தரப் பருமன். தடிப்பும் மெலிவுமாகக் கோடு மாறி மாறிப் போவதால், பழைய அச்சுப் புத்தகத்தின் தலைப்பைப் பார்க்கிற உணர்வு. எழுத்துகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தாராளத்தை நான் வரிகளுக்கு நடுவே கொடுத்தேன். தமிழில் 'கி'யின் கொக்கி மேலே வளையும், 'து'வின் சுழி கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் இரண்டும் முட்டும். எழுத்து உயரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வரிகளுக்கிடையே விட்டதும் எல்லாம் மூச்சு விட்டது.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. சாலைக்கும் சுவருக்கும் இருபத்தைந்து அடி, ஆகவே பெயர் இரண்டரை அங்குலம். நிறத்துக்கு வெள்ளையும் வேண்டாம், தங்கமும் வேண்டாம் என்று, படத்தில் டீயின் விளிம்பில் ஒளி பட்டு இளகுகிற இடத்திலிருந்தே எடுத்தேன், வெளிறிய தேன் நிறம். முழுப் போஸ்டரிலும் கறுப்பு, டீ, ஆவி. வேறு நிறமில்லை.

வாசகத்தில் முதலில் போனது '100% சுத்தமானது'. தூய, இயற்கையான, அசல், பாரம்பரியமான போன்ற சொற்களை உணவு விளம்பரத்தில் எப்போது போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறை நிபந்தனை வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தச் சொற்கள் தேய்ந்துவிட்டன. எல்லாப் பாக்கெட்டிலும் இருப்பதால் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்கு 2008லேயே புவிசார் குறியீடு உண்டு. அந்த முத்திரையை மூலையில் போடலாமே என்றார் அக்கா. அதற்குப் பயன்படுத்துபவராக முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும், ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம். அவர் என்ன செய்கிறாரோ அதை மட்டும் எழுதினேன்: 'கோத்தகிரித் தேநீர். கையால் உருட்டியது.' அதன் கீழே 'பால் வேண்டாம்' என்று போட்டிருந்தேன். “அப்படிச் சொன்னா கோவிச்சுக்குவாங்க தம்பி, நாமளே காலையில பால் டீதானே குடிக்கறோம்” என்றார். 'ஒருமுறை பால் இல்லாமல்' என்று மாறியது. என்னுடையதைவிட அது எவ்வளவோ மேல்.

அச்சு கோயம்புத்தூரில். பிளாஸ்டிக்கைத் தடை செய்த மாவட்டத்தில் மறுபடி ஃப்ளெக்ஸ் தொங்கவிட மனமில்லை, எனவே பருத்திக் கேன்வாஸ். துணிக்கு மினுமினுப்பு இல்லாதது எங்களுக்குச் சாதகம். கறுப்பு போஸ்டரைப் பளபளப்பாக அடித்தால் எதிரே நிற்கும் கார்தான் அதில் தெரியும். முதல் சோதனைப் பிரதியில் பலகையின் ரேகை முழுக்க அடைத்துப்போய்த் தார் பூசிய மாதிரி வந்தது. துணி மையை உறிஞ்சும்போது இருட்டுப் பகுதிகள் இன்னும் இருளும். நிழல்களைக் கொஞ்சம் தூக்கி, மையின் மொத்த அளவைக் குறைத்து இரண்டாவது பிரதி எடுத்தபோது ரேகை திரும்பி வந்தது. திரையை நம்பாமல் ஒரு டம்ளர் டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய், அச்சகத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துத்தான் நிறம் பார்த்தேன். அங்கிருந்த பையன் மீதி டீயைக் குடித்துவிட்டு விலை கேட்டான்.

டின் லேபிளிலும் ஒரு தப்பு செய்தேன். முன்பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று எடை, விலை, பேக் செய்த மாதம், 14 இலக்க உரிம எண் எல்லாவற்றையும் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடியாக்கியிருந்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் படிக்க முடியவில்லை. இவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் விதியிலேயே இருக்கிறது. பச்சைப் புள்ளிக்குச் சின்னப் பாக்கெட்டிலும் 3 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். பின்பக்கத்தில் தனிக் கட்டமாக, ஒரே ஒழுங்கில், அழுத்தமான எழுத்தில் மாற்றி அடித்தேன். பின்பக்கம் இப்போது முன்பக்கத்தைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. நவம்பர் ஈரத்தில் ஓரம் உரிந்துகொண்டிருந்த ஸ்டிக்கர்கள், டின்னை ஸ்பிரிட்டால் துடைத்து அடுப்பங்கரைச் சூட்டில் வைத்து ஒட்டிய பிறகு உரியவில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு மாட்டினோம். சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றேன். மேகம் இருந்தது. சுவரே மங்கலாகத்தான் தெரிந்தது, அதற்குள் அந்த டம்ளர் மட்டும் ஜன்னலில் வைத்த விளக்கு மாதிரி எரிந்தது. ஊட்டியிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் நிறுத்தியது. பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, “அந்தப் படத்துல இருக்கற டீ இருக்கா?” என்று கேட்டார். அக்கா அதே டம்ளரில் போட்டுக் கொடுத்தார்.

பழைய ஃப்ளெக்ஸ் கொல்லையில் விறகுக்கு மேல் கிடக்கிறது. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது என்கிறார் அக்கா. அடுத்தது வர்க்கிக் கார்டு. விறகு அடுப்பிலிருந்து முதல் தட்டு காலை ஐந்தரைக்கு வெளியே வருமாம், அந்த நேரத்தில் பேக்கரிக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வருகிற வியாழக்கிழமை போகிறேன்.